திரையிற் பதியும் தழும்பு: ஊவாத் தோட்டப்புறமும் பாவித்த கைத்தொலைபேசியும்

கடந்த சில ஆண்டுகளிலே மலையகத் தோட்டப்புற வாழ்விற் கைத்தொலைபேசி பெற்றுக்கொண்ட இடம் தனித்து நோக்கத்தக்கது. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கரும்பலகையின் வேலையை உள்ளங்கையளவான திரையொன்று ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டிலே பதுளை மாவட்டத்துச் சிற்றூர் மாணவர்கள் அலைவரிசை தேடி மலையுச்சிகளிலும் மரக்கிளைகளிலும் ஏறியிருந்து பாடங்கேட்ட செய்தி உலகச் செய்தி நிறுவனங்கள் வழியாகப் பரவியது. பின்னர் பாடசாலைகள் திறந்தன. திரை மட்டும் வீட்டிலே தங்கிவிட்டது. கொழும்பிலே கடையொன்றில் வேலைசெய்யும் மகன் அனுப்பும் பணத்தின் செய்தியும், மத்திய கிழக்கிலே பணிப்பெண்ணாக இருக்கும் தாயின் முகமும், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறும் அதன்வழியே வருகின்றன. ஸ்பிரிங்வெளி முதலாகப் பதுளையைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் லயங்களிலே குடும்பம் முழுவதற்கும் ஒரே கைத்தொலைபேசி என்றிருக்கும் வீடுகள் பல. அந்த ஒன்றும் பிறரொருவர் பாவித்துக் கழித்ததாக இருப்பது வியப்பன்று.

இதன் பொருளாதாரக் காரணம் வெளிப்படையானது. 2022இன் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று விகிதம் சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை சென்றது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சிலேதான் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. டொலரிலே விலை குறிக்கப்பட்டு வரும் பண்டத்துக்கும் ரூபாவிலே கணக்கிடப்படும் உழைப்புக்கும் இடையேயுள்ள இப்பள்ளத்தைப் பாவித்த தொலைபேசிச் சந்தையே நிரப்பியது. அச்சந்தையில் வாங்குபவர் கொடுப்பது பல நாட்களின் கொழுந்து. ஆனால் அவர் வாங்குவது எத்தகைய பொருள் என்பதை விற்பவரின் வாய்மொழியைத் தவிர வேறெதுவும் அவருக்குச் சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்திலே சாக்கின் நிறைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வாதாடி வந்தவர்கள், தாம் வாங்குமிடத்தில் நிறுத்துப் பார்க்கக் கருவியின்றி நிற்கின்றனர்.

இக்கட்டுரை அத்தகைய ஒரு கருவியைப் பற்றியது. கைத்தொலைபேசித் திரையில் நேரும் இரு குறைகளை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, நெடுநேரம் அசையாது நின்ற உருவம் திரையிலே நிலையாகப் பதிந்துவிடுவது. கடைகளில் இதனைப் ‘பேர்ன்-இன்’ என்பர். நாம் ‘எரிதழும்பு’ என்போம். மற்றையது, திரையின் ஒரு பகுதி மற்றொரு பகுதியினும் கூடுதலாகவோ குறைவாகவோ ஒளிர்வது. இதனை ‘ஒளிச்சீரின்மை’ எனலாம். இலக்கிய மாணவருக்கு இதிலென்ன அக்கறை என்று கேட்கப்படலாம். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பித்தபோது முதலிற் பிரித்தறிய வேண்டியிருந்தவை எவை? ஏட்டிலே பூச்சி அரித்த துளையும், எழுதியவர் கைப்பிழையும், நூலாசிரியரின் சொல்லும் வெவ்வேறு. பாடம் ஒன்று, அதனைத் தாங்கும் ஓலை வேறொன்று. திரையைப் பரிசோதிப்பதன் சாரமும் இவ்வேறுபாடேயாகும் என்பது பின்னர் தெளிவாகும்.

எரிதழும்பு புதிய நோயன்று. 1897இற் கார்ல் பேர்டினண்ட் பிரவுண் அமைத்த கதோட்டுக் கதிர்க்குழாயின் வழிவந்த தொலைக்காட்சிப் பெட்டிகளிலே, கண்ணாடியின் உட்புறம் ஒளிர்பொருட் பூச்சொன்று இருந்தது. இலத்திரன்கள் வந்து மோதும்போது அது ஒளி காலும். மோதல் மிக மிக அதன் ஒளிகாலும் திறன் குன்றும். படம் அசைந்துகொண்டிருக்கும்வரை தேய்வு எங்கும் பரவலாக நிகழும், கண்ணுக்குப் புலனாகாது. ஒரே உருவம் ஒரே இடத்தில் நின்றால் அவ்விடம் மட்டும் முந்தித் தேயும். வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களிலும் விமான நிலைய அறிவிப்புப் பெட்டிகளிலும் மின்சாரத்தை நிறுத்திய பின்னருங்கூடப் பழைய எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தமை இதனாலேயாகும். கணினி சும்மா இருக்கும்போது திரையை வெறுமையாக்கும் செய்நிரல் ஒன்றை ஜோன் சோகா 1983இல் வெளியிட்டார். இன்று திரையை அலங்கரிக்கும் மீன்தொட்டிகளுக்கும் சுழலும் கோலங்களுக்கும் மூலம் இந்தச் சிக்கனமான தேவையே. இலங்கையிலே 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. மின்சாரமெட்டாத வீடுகளிற் கார் பற்றரியில் இயங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்கு இத்தழும்பு நேரும் வாய்ப்புக் குறைவு. பற்றரி தீருமுன் நிகழ்ச்சியைப் பார்த்து முடிப்பதே அங்கு பெரும்பாடாக இருந்தது.

1964இல் அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்திலே உருவான பிளாஸ்மாத் திரையிலும் ஒளிர்பொருட் பூச்சே இருந்தமையால் இந்நோய் தொடர்ந்தது. இன்று நம் கையிலுள்ளவை இவ்விரண்டுமல்ல. ஒன்று திரவப் பளிங்குத் திரை, அதாவது எல்.சி.டி.; மற்றது சேதன ஒளிகாலும் இருவாயித் திரை, அதாவது ஓ.எல்.ஈ.டி. பின்னதன் ஆதாரமான கண்டுபிடிப்பை ஈஸ்ட்மன் கொடாக் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் 1987இல் வெளியிட்டனர். வாங்குபவர் முதலில் அறியவேண்டியது தம் கையிலிருப்பது இவ்விரண்டினுள் எது என்பதே. ஏனெனில் இரண்டும் கெடும் விதம் வேறு.

ஓ.எல்.ஈ.டி. திரையிலே ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளி தருவது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சிறு விளக்குகள் அதனுள் அடங்கும். அவ்விளக்குகளின் சேதனப் பொருள் மின்னோட்டம் பாயப் பாயச் சிறிது சிறிதாகத் திறன் இழக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு ஒளிர்வு என்னும் இரண்டுமே இழப்பைத் தீர்மானிக்கின்றன. ஒளிர்வை இரட்டித்தால் ஆயுள் பாதியாவதோடு நில்லாது. அதற்கும் கீழே செல்லும். மூன்றனுள்ளும் நீலமே விரைந்து மூப்படைவது. அதனை ஈடுசெய்யும் பொருட்டு நீல விளக்கைப் பெரிதாக அமைப்போரும் உளர். நெடுங்காலம் பாவித்த திரை வெண்மை குன்றி மஞ்சள் சாயலைக் காட்டுவதற்கு நீலத்தின் இத்தளர்ச்சி ஒரு காரணம்.

ஆகவே எரிதழும்பு என்பது உண்மையில் ஏதோவொன்று எரிந்து ஒட்டிக்கொண்டதன்று. கூடுதலாக வேலை செய்த புள்ளிகள் மற்றவற்றினும் முந்தித் தளர்ந்துவிட்டன, அவ்வளவே. தழும்பு மூல உருவத்தின் எதிர்மறையாகத் தோன்றுவதும் இதனாலேயே. வெண்ணிறமாக நின்ற எழுத்துப்பலகை பின்னர் இருண்ட நிழலாகத் தெரியும். அகன்ற திரைப்படங்களை மட்டுமே பார்த்து வந்தவரின் தொலைபேசியில், கறுப்பாக ஓய்ந்திருந்த மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் இன்று நடுப்பகுதியைவிடப் பிரகாசமாகத் தெரியும்; ஓய்வு பெற்றவை இளமையோடிருக்கின்றன. தேர்ந்த கண்ணுக்குத் தழும்பு ஒரு வாழ்க்கை வரலாறாகவே அமையும். முச்சக்கரவண்டியின் முகப்பில் வெயிலிலே நாள்முழுதும் உச்ச ஒளிர்வில் வழிகாட்டிய திரையில் வரைபடச் செயலியின் பட்டைகள் நிற்கும். கடையிலே காட்சிக்கு வைத்திருந்ததில் முகப்புப் படத்தின் சின்னங்கள் நிற்கும். விளையாட்டுப் பித்தரின் திரையில் இரு பெருவிரல்களுக்கும் கீழே விசைக்குறிகள் தெரியும். “வீட்டிலே சும்மா கிடந்தது” என்று விற்பவர் சொல்வதைத் திரை ஆமோதிக்கிறதா, மறுக்கிறதா என்று பார்க்கலாம்.

இயந்திரத்தின் தேய்வைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதற் பாகத்திலே ஆராய்ந்தபோது, பாவிப்பதால் வரும் தேய்வையும் பாவியாது விடுவதால் வரும் தேய்வையும் பிரித்துக் காட்டினார், இவற்றின் வேறாக, புதியதும் மலிவானதுமான இயந்திரம் சந்தைக்கு வருவதால் பழையதன் பெறுமதி சரிவதையும் குறித்தார். பாவித்த தொலைபேசியின் விலையில் இம்மூன்றும் கலந்தே கிடக்கின்றன. வாங்குபவரின் கவனம் மூன்றாவதன்மீதே திருப்பப்படுகிறது: இது எந்த ஆண்டின் மாதிரி, அடுத்தது எப்போது வந்தது என்பன. ஏனெனில் அது எல்லோருக்கும் தெரிந்தது; விலையில் ஏற்கெனவே சேர்ந்தது. முதலாவது தேய்வோ குறிப்பிட்ட அந்த ஒரு பொருளுக்கே உரியது, மறைக்கக்கூடியதும் அதுவே.

எல்.சி.டி. திரையின் கதை வேறு. அங்கு படப்புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள விளக்கின் ஒளியைத் திரவப் பளிங்கு மறித்தும் விட்டும் படத்தை ஆக்குகிறது. எனவே மெய்யான எரிதழும்பு இதில் அரிது. ஓர் உருவம் நெடுநேரம் நின்றபின் மங்கலான நிழல் எஞ்சுவதுண்டு. பளிங்கினுள் உள்ள அயன்கள் ஒருபுறம் ஒதுங்குவது அதற்கொரு காரணம். பெரும்பாலும் சில நிமிடங்களிலோ ஓரிரவிலோ அது மறைந்துவிடும். இதனை ‘நிழல்தங்கல்’ எனப் பிரித்துக் கூறுவது நன்று. எல்.சி.டி.யின் மெய்க்குறை ஒளிச்சீரின்மையே. கைத்தொலைபேசியிற் சிறு விளக்குகள் பொதுவாக ஓர் ஓரத்தில் வரிசையாக அமைக்கப்பட்டிருக்கும். அவற்றின் ஒளியை மெல்லிய தகடொன்று திரை முழுவதும் பரப்பும். தகடு சற்று வளைந்தாலும், தொலைபேசி விழுந்து சட்டகம் நெளிந்தாலும், ஈரம் புகுந்தாலும் ஒளி ஓரிடத்திற் கசியும், ஓரிடத்தில் மங்கும். பின்னாலுள்ள பற்றரி வீங்கித் திரையை உந்துவதாலும் நடுவிலே வெண்திட்டுத் தோன்றலாம். இது அழகுக்குறையன்று, ஆபத்தின் அறிகுறி. அத்தகைய தொலைபேசியை எவ்விலைக்கும் வாங்கலாகாது.

திரைத் தொழிலில் இச்சீரின்மைக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ‘முரா’ என்னும் ஜப்பானியச் சொல்லாகும். ஜப்பானியத் தொழிற்சாலை மேலாண்மையில் வேலைப்பளு சீராகப் பகிரப்படாமையையும் இச்சொல்லே குறிக்கும். பொருளிலுள்ள குறைக்கும் உழைப்பிலுள்ள குறைக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாயினும் சிந்திக்கவைப்பது.

பரிசோதனை முறைக்குச் செல்லுமுன் கண்ணைப் பற்றி ஒரு சொல். பரிசோதிக்கும் கருவி இங்கு கண்ணேயாதலின் அதன் இயல்பை அறியாமற் கருவியை நம்பலாகாது. அடுத்தடுத்துள்ள இரு பரப்புகள் கூரிய விளிம்பாற் பிரிக்கப்பட்டிருப்பின், நூற்றுக்கு ஒன்றிரண்டு அளவான ஒளி வேறுபாட்டைக்கூடக் கண் கண்டுகொள்ளும். அதே வேறுபாடு படிப்படியாகப் பரவியிருந்தால் அதனிலும் பலமடங்கு இருந்தாலும் காணாது விட்டுவிடும். விளிம்புகளைக் கண் மிகைப்படுத்திக் காண்கிறது என்பதை 1865இல் விளக்கியவர் ஏர்ணஸ்ட் மாக். (இவருடைய மெய்யியலையே லெனின் 1909இல் தமது ‘பொருள்முதல்வாதமும் அனுபவவாத விமர்சனமும்’ என்னும் நூலிற் கடுமையாகச் சாடினார். புலனுணர்வுக்கு அப்பாலும் பொருளுண்டு என்பதை மறுக்க முயன்றவரே, புலன் எவ்வாறு பொருளைத் திரித்துக் காட்டுகிறது என்பதையும் கண்டறிந்தார்.) நம் விடயத்தில் இதன் பயன் யாதெனின், எழுத்துப்பலகைத் தழும்பு சிறிதாயினும் உடனே புலப்படும், மூலையை நோக்கி மெல்ல மங்கும் ஒளியோ பெரிதாயினும் தப்பிவிடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே பார்வை போதாது.

முதலில் இருள் வேண்டும். கடை முகப்பில் நின்று பகல் வெளிச்சத்திற் பார்ப்பது பாராமைக்கு ஒப்பு. கண்ணாடியிற் பிரதிபலிக்கும் வானமே திரையின் குறைகளையெல்லாம் மூடிவிடும். உள்ளறை ஒன்று கிடையாவிடின் கம்பளியையோ குடையையோ தலைமேற் கவிழ்த்துக்கொண்டு பார்க்கலாம், சிரிப்பவர் சிரிக்கட்டும். திரையைத் துடைத்து, கீறல் விழுந்த காப்புத்தாள் இருப்பின் அதனைக் கணக்கிற் கொள்ளவேண்டும். சுற்றொளிக்கேற்பத் தானே மாறும் ஒளிர்வையும், இரவுக்கென நீலத்தைக் குறைக்கும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது நின்றிருக்காவிட்டால் நல்ல திரையும் மஞ்சள் பாரித்துத் தோன்றும். விற்பவர் வைத்திருக்கும் பல்வண்ண முகப்புப் படத்தை நீக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பூவும் மலையும் நிறைந்த படத்திற் தழும்பைத் தேடுவது காட்டிலே மரத்தைத் தேடுவதாகும்.

வேண்டுவன வெறும் ஒற்றை நிறப் படங்கள்: கறுப்பு, வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கருஞ்சாம்பல், அவற்றோடு சிவப்பு, பச்சை, நீலம். இவை திரை முழுவதையும் நிறைக்கவேண்டும். மேலே மணிகாட்டும் பட்டையும் கீழே பொத்தான்களும் மறைந்திருக்க வேண்டும், ஏனெனில் தழும்பு பெரும்பாலும் அவற்றின் கீழேதான் கிடக்கும். வெள்ளைச் சுவரொன்றைப் படம்பிடித்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். அது தவறாக முடியும். கமராவின் வில்லை இயல்பாகவே மூலைகளை இருட்டாக்கும். படத்தின் குறையைத் திரையின் குறையென்று கொள்ள நேரும். வரைதற் செயலி ஒன்றிலே நிறத்தைக் கொட்டி நிரப்புவதே சரியான வழி.

கறுப்புப் படத்தையே முதலிற் காட்டுக. ஒளிர்வு உச்சத்தில் இருக்கட்டும். முற்றிருளில் திரை இருக்குமிடமே தெரியவில்லையாயின் அது ஓ.எல்.ஈ.டி.; சாம்பல் பூத்தாற்போல் மெல்ல ஒளிர்ந்தால் எல்.சி.டி. இந்த ஒரு சோதனை இன்னொன்றையும் வெளிப்படுத்தும். தொழிற்சாலையில் ஓ.எல்.ஈ.டி. பொருத்தி வந்த மாதிரியிலே, உடைந்த திரைக்குப் பதிலாக மலிவான எல்.சி.டி. திரை மாற்றப்பட்டிருந்தால், கறுப்பிலே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்.சி.டி. ஆயின் மூலைகளிலும் ஓரங்களிலும் ஒளி கசிகிறதா என்று இதே படத்திற் பார்க்கலாம்.

அடுத்து நடுத்தரச் சாம்பல், நடுத்தர ஒளிர்வில். எரிதழும்பைக் காட்டுவதில் இதற்கு இணையில்லை. வெள்ளையின் பிரகாசத்திற் கண் கூசிச் சிறு வேறுபாடுகளை விட்டுவிடும். சாம்பலிலே மேற்பட்டையின் கோடு, எழுத்துப்பலகையின் சட்டங்கள், சின்னங்களின் வட்டங்கள் மேலெழும். பின்னர் சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றுக. நீலத்தில் மட்டும் தழும்பு ஆழமாகத் தெரிந்தால் அது இயல்பான மூப்பு. மூன்றிலும் தெரிந்தால் கடும் உழைப்பு வாங்கப்பட்ட திரை. அடுத்துக் கருஞ்சாம்பலைக் குறைந்த ஒளிர்விற் காட்டுக. ஓ.எல்.ஈ.டி.யின் ஒளிச்சீரின்மை இங்கேதான் வெளிப்படும்: செங்குத்துக் கீற்றுகள், அழுக்குப் படிந்தாற்போன்ற திட்டுகள், ஒருபக்கம் பச்சையும் மறுபக்கம் இளஞ்சிவப்புமான சாயல். இவற்றுட் பல தொழிற்சாலையிலிருந்தே வந்தவை. புதிய தொலைபேசியிலும் உண்டு. திரையை நேராக நோக்கவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. சாய்த்துப் பார்த்தால் நல்ல திரையும் நிறம் மாறும்.

மெல்லப் பரவும் ஒளிவேறுபாட்டைக் கண் தவறவிடும் என்றோம். அதற்கொரு எளிய தந்திரம் உண்டு. அட்டையொன்றில் இரு துளைகள் இடுக. ஒன்று திரையின் நடுவுக்கும் மற்றது மூலைக்கும் நேராக அமையட்டும். வெள்ளைப் படத்தின்மேல் அட்டையை வைத்ததும், இடையிலுள்ள படிமுறை மறைந்து இரு ஒளிகளும் நேருக்கு நேர் நிற்கும். ஆய்வுகூடங்களில் திரையை ஒன்பது பகுதிகளாக்கி ஒவ்வொன்றின் ஒளிர்வையும் மானியால் அளந்து ஒப்பிடுவதுண்டு. நம் அட்டை அதன் ஏழை உறவினர்.

இங்கே ஏட்டுப் பதிப்பாசிரியரின் வினாவுக்கு மீள்கிறோம். கண்ட குறை பாடத்திலுள்ளதா, ஓலையிலுள்ளதா? திரையிலே நிழலொன்று தெரிந்ததும் திரை கெட்டதெனத் தீர்ப்பளிக்கலாகாது; செயலியின் கோளாறோ படத்தின் கோளாறோ ஆகலாம். படத்தைத் தலைகீழாகத் திருப்புக. நிழலும் படத்தோடு திரும்பினால் அது படத்தினுடையது. கண்ணாடியில் அதே இடத்தில் நின்றால் திரையினுடையது. இதனிலும் உறுதியான வழி, அந்நிலையில் திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து வேறொரு தொலைபேசிக்கு அனுப்பிப் பார்ப்பதாகும். திரைப்பிடிப்பு, திரைக்குச் சென்ற ஆணையை மட்டுமே பதிவுசெய்கிறது; திரை அதனை எவ்வாறு நிறைவேற்றியது என்பதை அது அறியாது. மற்றத் தொலைபேசியிலும் நிழல் தெரிந்தாற் குறை பாடத்தில், தெரியாவிட்டால் ஓலையில். “திரைப்பிடிப்பில் ஒன்றுமில்லையே, திரை நல்லதுதான்” என்று வாதிப்போர் உண்டு. மெய்ப்பொருள் அதற்கு நேர்மாறானது.

வேறொரு தொலைபேசியின் கமராவினாற் திரையைப் படம்பிடித்துச் சான்றாகக் காட்டும் வழக்கமும் பரவியுள்ளது. அதனை எச்சரிக்கையோடு கொள்ளவேண்டும். ஒளிர்வைக் குறைப்பதற்காகத் திரைகள் கண்ணுக்குத் தெரியாத விரைவில் அணைந்தணைந்து எரிவதுண்டு. கமரா அதனைக் கரும்பட்டைகளாகக் காட்டும். இருட்டிலெடுத்த படம் எல்.சி.டி.யின் சிறு கசிவையும் வெள்ளமாக்கிக் காட்டும். கமரா கண்டதும் கண் காணாததுமான குறைக்காக விலைபேசுவது நியாயமன்று.

நிழல்தங்கலா, எரிதழும்பா என்ற ஐயம் எழுந்தால் அசையும் படமொன்றை அரைமணிநேரம் ஓடவிட்டு மீண்டும் சாம்பலைக் காட்டுக. மங்கியிருந்தால் முன்னது. விற்பவர் அந்த அரைமணிநேரத்தைத் தர மறுத்தால் அதுவும் ஒரு தகவலே.

குறை கண்டால் வாங்கலாகாது என்பது நம் கருத்தன்று. இவ்விடத்திற் பல அறிவுரையாளரிடமிருந்து நாம் வேறுபடுகிறோம். குறையே இல்லாத திரையைத் தேடும்படி சொல்வது, வாங்கும் வலிமையுள்ளோரை மனத்திற்கொண்ட அறிவுரை. சாம்பலிலே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தழும்பு பாடம் படிப்பதற்கோ மகளோடு முகம்பார்த்துப் பேசுவதற்கோ தடையாவதில்லை. கறுப்பிலே மூலையில் தெரியும் சிறு கசிவும் அவ்வாறே. அத்தகைய திரை குறைந்த விலைக்குக் கிடைப்பின் வாங்குபவருக்கு இலாபமே; தழும்பு பேரத்துக்கு வாதமாகட்டும். வெள்ளைப் பக்கத்திலே எழுத்தை வாசிக்கும்போது நிழல் குறுக்கிட்டால், பிள்ளையின் கண்ணை எண்ணி விட்டுவிடுவதே முறை. உடைவிலிருந்து பரவும் கருந்திட்டு, நிறக்கோடு, நடுவெண்திட்டு ஆகியன நாளுக்கு நாள் பெருகக்கூடியவை, அவற்றுக்குப் பேரமில்லை. விற்பவரையே குற்றவாளியாக்குவதிலும் பயனில்லை. பதுளையின் சிறு கடைக்காரர் கொழும்பின் மொத்த வியாபாரியிடமிருந்து பெட்டியாக வாங்கும்போது ஒவ்வொரு திரையையும் இருட்டில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். அறியாமை சங்கிலியாக இறங்கி வருகிறது. நட்டத்தின் கடைசிக் கண்ணி லயத்திலே முடிகிறது. புதியது வாங்கினும் எரிதழும்பை உத்தரவாதத்திலிருந்து விலக்கும் நிபந்தனைகள் பரவலாக இருப்பதால், எழுத்திலே கேட்டறிவது நன்று.

தழும்பை நீக்குவதாகக் கூறி, நிறங்கள் கண்ணைப் பறிக்கும் வேகத்தில் மாறும் படங்களை மணிக்கணக்கில் ஓடவிடும்படி பலர் சொல்வர். நிழல்தங்கலாயின் அது மறையும். அப்படங்கள் இல்லாமலும் மறைந்திருக்கும். மெய்யான தழும்பாயின், தளர்ந்த புள்ளிகள் இளமை பெறுவதில்லை. தளராத புள்ளிகளும் தேய்ந்து அவற்றோடு சமமாகலாம். எல்லோரையும் ஒரே அளவு களைப்படையச் செய்து பெறும் சமத்துவம் அது. திரையின் மொத்த ஆயுளிலிருந்தே அதற்கு விலை கொடுக்கப்படுகிறது. செய்யத்தக்கது வருமுன் காத்தலே: ஒளிர்வைத் தேவைக்கு மேல் வையாமை, திரை விரைவில் அணையும்படி அமைத்தல், ஓ.எல்.ஈ.டி. ஆயின் கரும்பின்னணியைத் தெரிதல், வகுப்பு முடிந்ததும் வகுப்பின் படத்தை மூடிவிடல்.

மேற்கூறிய ஏழு படங்களுக்கும் இணையம் வேண்டியதில்லை. தோட்டத்திலே ஒருவர் ஒருமுறை வரைந்துவிட்டால் புளூடூத் வழியே லயத்துக்கு லயம் செல்லும், நினைவட்டையிலும் கிடக்கும். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறு, பதுளைக் கடைவீதிக்கு இறங்குபவர் தம் பழைய தொலைபேசியிலே அவற்றைக் கொண்டுசென்று, வாங்கப்போகும் தொலைபேசிக்கு அனுப்பி, கடையின் உள்ளறையிற் சில நிமிடங்கள் நின்றாற் போதும்.